அலிஸ் டி லேசி: சிறையில் முத்திரையிடப்பட்ட முதுசம்

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது அம்மம்மா கையில் எடுத்தவை அதிகமில்லை. ஒரு பானை, ஒரு மாற்றுச் சேலை, காணி உறுதிகள் வைத்த ஒரு பொலித்தீன் பை. எனக்கு அப்போது ஆறு வயது. தென்மராட்சியில் தங்கிய வீட்டில் அந்தப் பை அவரது தலைமாட்டிலேயே இருந்தது. அதைத் தொட்டால் அடி விழும்.

பல வருடங்களுக்குப் பிறகு, ஊடகக் கற்கையை முடித்துவிட்டுக் காணிப் பிரச்சினைகள் பற்றி எழுதத் தொடங்கிய காலத்தில், அந்த உறுதிகளை விரித்து வாசித்தேன். காணி வந்த வழியில் பெண்களின் பெயர்களே இருந்தன. அம்மம்மாவுக்கு அது சீதனமாக வந்தது. அதற்கு முன்னர் அவரது தாய்க்கும் அப்படியே. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. 1911ஆம் ஆண்டின் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பெயர் பெண்ணுடையது. ஒப்பம் இருவருடையது.

பெண்ணின் பெயரில் இருக்கும் நிலம் உண்மையில் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வியோடு வாசித்துக்கொண்டு போனபோதுதான், 700 ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் வாழ்ந்த அலிஸ் டி லேசி எனக்கு அறிமுகமானார். தாயிடமிருந்து ஒரு பட்டம், தந்தையிடமிருந்து ஒரு பட்டம் என இரண்டு பெரும் பட்டங்களைத் தன் சொந்த உரிமையில் பெற்றவர். அந்த நாட்டின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவர். அவரது வாழ்வை எங்கள் வாழ்வோடு சரிநிகர் வைக்க நான் முயலவில்லை. ஆனால் சிறையில் இருக்கும் ஒரு பெண்ணின் முன்னால் ஒரு பத்திரம் நீட்டப்படுவது என்றால் என்னவென்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெண்கள் வழியே வந்த பட்டங்கள்

அக்கால இங்கிலாந்தில் அரச குடும்பத்துக்கு வெளியே ஒருவர் பெறக்கூடிய மிக உயர்ந்த பட்டம் 'ஏர்ள்'. ஏர்ளின் மனைவியை 'கவுண்டஸ்' என்பார்கள். கணவர் வழியாக அன்றி, தன் பிறப்புரிமையாலேயே அப்பட்டத்தைப் பெற்ற பெண்ணும் கவுண்டஸ்தான். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் சொத்து மகள்மாருக்குப் போகும். பல மகள்மார் இருந்தால் நிலம் சமமாகப் பிரியும். ஒரே மகள் என்றால் எல்லாம் அவருக்கே.

அலிஸ் 1281ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று பிறந்தார். தந்தை ஹென்றி டி லேசி, லிங்கன் ஏர்ள். தாய் மார்கரட் லோங்கஸ்பே, தன் சொந்த உரிமையில் சொலிஸ்பரி கவுண்டஸ். இந்த இரண்டு பட்டங்களும் எப்படி வந்தன என்று பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெண் நிற்கிறார்.

தந்தை வழியை முதலில் பார்ப்போம். வட இங்கிலாந்தின் பொன்டிஃப்ரெக்ட் கோட்டையும் அதைச் சேர்ந்த பெருநிலமும் பழைய லேசி குடும்பத்துக்குரியவை. அந்த ஆண் வழி அற்றுப்போன பின்னர், 1194இல் ரோஜர் என்பவர் அவற்றைத் தன் பாட்டி அல்பிரேடா டி லிசூர்ஸ் வழியாகப் பெற்றார். நிலத்தோடு 'டி லேசி' என்ற பெயரையும் அவர் எடுத்துக்கொண்டார். ஆக, அலிஸின் குடும்பப் பெயரே ஒரு பாட்டி வழியாக வந்தது.

லிங்கன் பட்டத்தின் கதையும் அதுதான். பிள்ளைகள் இல்லாத ரானுல்ஃப் என்ற பெரும் பிரபு, இறப்பதற்கு முன்னர் அப்பட்டத்தைத் தன் சகோதரி ஹாவிஸுக்குக் கொடுத்தார். ஹாவிஸ் அதைத் தன் மகள் மார்கரட் டி குவின்சிக்குக் கொடுத்தார். மார்கரட்டின் கணவர் என்ற வகையில்தான் ரோஜரின் மகன் ஜோன் டி லேசி 1232இல் லிங்கன் ஏர்ள் ஆனார். ஜோன் 1240இல் இறந்தார். மார்கரட் 1266 வரை வாழ்ந்தார். இடையில், 1258இல், அவர்களது மகன் எட்மண்ட் இறந்துபோனார். தாய் உயிரோடு இருந்ததால் அந்த மகன் ஒருபோதும் ஏர்ள் ஆகவில்லை. பட்டம் பேரன் ஹென்றிக்கு வந்தது. அவரே அலிஸின் தந்தை.

தாய் வழியில் நிற்பவர் ஈலா. தந்தை 1196இல் இறந்தபோது ஏறத்தாழ ஒன்பது வயதுச் சிறுமியான அவர் சொலிஸ்பரியின் கவுண்டஸ் ஆனார். அப்போதைய மன்னர் முதலாம் ரிச்சர்ட் அவரைத் தன் தந்தைவழி அரைச் சகோதரரும் 2ஆம் ஹென்றி மன்னருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவருமான வில்லியம் லோங்கஸ்பேக்கு மணமுடித்துக் கொடுத்தார். கணவர் 1226இல் இறந்த பின்னர் ஈலா மறுமணம் செய்யவில்லை. லேகொக் என்ற இடத்தில் ஒரு கன்னியர் மடத்தை நிறுவி, அதன் தலைவியாகி, 1261இல் இறந்தார். அவரது மகன் 1250இல் எகிப்தின் மன்சூராவில் சிலுவைப் போரில் கொல்லப்பட்டார். பேரன் 1257இல் இறந்தார். மிஞ்சியது கொள்ளுப்பேத்தி மார்கரட். அவரே அலிஸின் தாய்.

மன்சூராவில் இறந்தவரின் மனைவி இடோனியா, நிக்கோலா டி லா ஹேயின் பேத்தி. லிங்கன் கோட்டையின் காவல் பொறுப்பு நிக்கோலாவின் குடும்பத்தில் பரம்பரையாக வந்தது. 1217இல் பிரெஞ்சுப் படையும் கிளர்ச்சிப் பிரபுக்களும் அக்கோட்டையை முற்றுகையிட்டபோது முதிய வயதில் அதை விட்டுக்கொடுக்காமல் காத்தவர் அவர். அந்தப் பொறுப்புக்கான உரிமையும் இரத்த வழியில் அலிஸிடம் வந்தது.

இந்தப் பட்டியலை நான் நீட்டுவதற்குக் காரணம் உண்டு. வரலாற்று நூல்களில் இவை ஆண்களின் பட்டங்களாகவே எழுதப்பட்டிருக்கின்றன. 'லிங்கன் ஏர்ள்' என்று வாசிக்கும்போது ஹாவிஸோ மார்கரட்டோ கண்ணில் படுவதில்லை. சட்டம் பட்டத்தைப் பெண்ணுக்குக் கொடுத்தது. திருமணம் அதன் அதிகாரத்தைக் கணவருக்குக் கொடுத்தது.

1294: பன்னிரண்டு வயதில் ஓர் ஒப்பந்தம்

அலிஸுக்கு எட்மண்ட், ஜோன் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். இருவரும் சிறுவயதிலேயே இறந்தனர். ஒருவர் டென்பி கோட்டையின் கிணற்றில் விழுந்தும், மற்றவர் பொன்டிஃப்ரெக்ட் மதிலிலிருந்து விழுந்தும் இறந்ததாக மரபுவழிக் கதைகள் சொல்கின்றன. பிள்ளைகளில் மிஞ்சிய அலிஸ் இப்போது முழுச் சொத்துக்கும் வாரிசு.

முதலாம் எட்வேர்ட் மன்னரின் தம்பி எட்மண்டுக்கு தோமஸ் என்றொரு மகன் இருந்தார். லங்காஸ்டர் குடும்பத்தின் வாரிசு. 1294 ஒக்டோபரில் தோமஸுக்கும் அலிஸுக்கும் திருமணம் நடந்தது. மணமகளுக்குப் பன்னிரண்டு வயது. மணமகனுக்குப் பதினாறு வயதளவில். திருச்சபைச் சட்டப்படி பெண் பிள்ளை திருமணத்துக்குச் சம்மதிக்கக்கூடிய வயது பன்னிரண்டு.

திருமணத்தோடு நிலத்துக்கும் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. ஹென்றி தன் நிலங்களில் பெரும்பகுதியை மன்னரிடம் ஒப்படைத்தார். மன்னர் அவற்றை ஹென்றியின் ஆயுட்காலத்துக்கு அவருக்கே திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பிறகு அவை தோமஸுக்கும் அலிஸுக்கும், பின்னர் அவர்களது பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகள் இல்லாவிட்டால்? அப்போது நிலம் லேசி உறவினர்களிடம் திரும்பாது. தோமஸின் குடும்பத்துக்கே போய்ச் சேரும்.

ஒரு சீதன உறுதியில் இப்படி ஒரு வரி எழுதப்பட்டால் எங்கள் வீடுகளில் என்ன சண்டை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு நிபந்தனைதான் அரைநூற்றாண்டு கழித்து எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கான்ஃபர்ட்டில் ஒரு கடத்தல்

1311 பெப்ரவரியில் ஹென்றி டி லேசி இறந்தார். தாய் மார்கரட் ஏற்கெனவே இறந்துவிட்டார். லிங்கன், சொலிஸ்பரி இரண்டும் அலிஸுக்கு வந்தன. அவற்றை அனுபவித்தவர் தோமஸ். லங்காஸ்டர், லெஸ்டர், டெர்பி என்ற மூன்று பட்டங்கள் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. மனைவியின் இரண்டும் சேர்ந்தபோது ஐந்து. ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 பவுண் வருமானம். மன்னருக்கு அடுத்தபடி நாட்டில் அவருக்கு நிகர் எவரும் இல்லை. அந்தப் பலத்தில்தான் அவர் தன் பெரியப்பாவின் மகனான மன்னர் 2ஆம் எட்வேர்டை எதிர்த்து நின்றார்.

கணவன் மனைவி உறவு நன்றாக இருக்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. 1317 மே மாதத்தில், டோர்செட் மாவட்டத்தின் கான்ஃபர்ட்டில் இருந்த அலிஸை, சரே ஏர்ள் ஜோன் டி வொரெனின் ஆட்கள் கடத்திச் சென்றார்கள். ரைகேட்டில் இருந்த வொரெனின் கோட்டைக்கு அவர் கொண்டு செல்லப்பட்டார்.

இது பற்றி அக்காலத்து மடத்துத் துறவிகளும் பின்வந்த நூலாசிரியர்களும் எழுதியவற்றை வாசித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவர் விரும்பித்தான் போனார் என்றார்கள். வொரெனுடன் தொடர்பு என்றார்கள். ரிச்சர்ட் டி சென்ட் மார்டின் என்ற வீரர், திருமணத்துக்கு முன்னரே அலிஸ் தன்னோடு உறவு கொண்டிருந்தார் என்றும், அதனால் லிங்கனும் சொலிஸ்பரியும் தனக்கே உரியவை என்றும் உரிமை கோரியதாகவும் ஒரு கதை உண்டு. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த ஆளின் கோரிக்கை அலிஸில் தொடங்கி இரண்டு பட்டங்களில் முடிகிறது. வாரிசான பெண்ணின் உடல் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே நிலமும் போகும் என்பதை அக்காலத்தில் எல்லோரும் அறிந்திருந்தனர்.

தோமஸ் பழிவாங்கினார். யோர்க்ஷயரில் இருந்த வொரெனின் கோட்டைகளைத் தாக்கினார். அலிஸ் அவரிடம் திரும்பவேயில்லை. இருவரும் பிரிந்தே வாழ்ந்தார்கள். ஆனால் அலிஸின் நிலங்கள் தோமஸிடமே இருந்தன.

1322: சட்டம் அவர் பக்கம் இருந்தது

மன்னருக்கும் பிரபுக்களுக்கும் இடையிலான பகை போராக வெடித்தது. மன்னரின் பிரியத்துக்குரியவர்களாக அப்போது இருந்தவர்கள் ஹியூ டெஸ்பென்சர் என்ற ஒரே பெயரைக் கொண்ட தந்தையும் மகனும். 1322 மார்ச் 16ஆம் திகதி பரோபிரிட்ஜ் என்ற இடத்தில் தோமஸின் படை தோற்றது. ஆறு நாட்கள் கழித்து, மார்ச் 22ஆம் திகதி, பொன்டிஃப்ரெக்ட் கோட்டையில் விசாரணை என்ற பெயரில் ஒன்று நடந்தது. வாய் திறக்க அனுமதிக்கப்படாமல் தோமஸ் குற்றவாளியாக்கப்பட்டு, அன்றே தலை வெட்டப்பட்டார். அந்தக் கோட்டை அலிஸின் தந்தைவழி முதுசம்.

கணவரைப் பிரிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் அலிஸ் தப்பவில்லை. அவரும், ஹென்றியின் இரண்டாவது மனைவியான சிற்றன்னை ஜோன் மார்டினும் கைது செய்யப்பட்டு யோர்க்கில் அடைக்கப்பட்டார்கள்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். துரோகி என்று தீர்க்கப்பட்டவரின் நிலம் மன்னருக்குப் போகும். கணவரின் சொத்தில் விதவைக்குரிய மூன்றிலொரு பங்கும் இல்லாமற் போகும். ஆனால் மனைவி பிறப்பால் பெற்ற முதுசம் கணவரின் குற்றத்தால் அழிவதில்லை. கணவர் இறந்ததும் அது அவரிடம் திரும்ப வேண்டும். அதாவது தோமஸின் தலை விழுந்த அந்தக் கணத்திலேயே, சட்டப்படி, லேசி நிலங்களும் லோங்கஸ்பே நிலங்களும் அலிஸின் கைக்கு வந்துவிட்டன. அவரது வாழ்வில் முதல் முறையாக, நடுவில் தந்தையும் இல்லை, கணவரும் இல்லை.

அதனால்தான் அவரைச் சிறையில் வைக்க வேண்டியிருந்தது. நிலத்தைச் சும்மா எடுத்துவிட முடிந்திருந்தால் அவரது சம்மதம் தேவைப்பட்டிருக்காது. டெஸ்பென்சர்களுக்கு வேண்டியிருந்தது அவரே மனமுவந்து கொடுத்ததாகச் சொல்லும் ஒரு பத்திரம். கணவரின் சாவுக்குக் காரணமானவள் என்று குற்றம் சுமத்தி, உயிரோடு எரிப்போம் என்று மிரட்டினார்கள். அந்தக் காலத்தில் கையொப்பத்துக்குப் பதிலாக மெழுகில் பதித்த முத்திரைதான் செல்லும். 1322இன் நடுப்பகுதியில் அலிஸ் முத்திரையிட்டார். பத்திரம் பத்திரமாக நிலம் கைமாறியது. டென்பி மூத்த டெஸ்பென்சருக்குப் போனது. பொன்டிஃப்ரெக்ட் மன்னரிடம் தங்கியது.

விடுதலைக்கும் மிஞ்சியவற்றை வைத்துக்கொள்வதற்கும் அவர் கட்ட வேண்டியதாகச் சொல்லப்படும் தொகை 20,000 பவுண். தோமஸ் ஐந்து பட்டங்களிலிருந்து பெற்ற ஆண்டு வருமானத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சிற்றன்னை ஜோன் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனார்.

1322 டிசம்பரில் அலிஸுக்குச் சில திருப்பிக் கொடுக்கப்பட்டன. கவுண்டஸ் என்ற பெயர், சில நிலங்கள், லிங்கன் கோட்டையின் காவல் பொறுப்பு. அந்தப் பொறுப்பு நிக்கோலாவின் இரத்தவழி உரிமையாகவே அவருக்கு வந்தது. அவரைச் சிறைப்படுத்திய அதே மன்னர், அவரது பாட்டிமாரின் உரிமையை மறுக்கவில்லை.

ஆட்சி மாறியது, நிலம் திரும்பவில்லை

1324இல் அலிஸ் யூபுலஸ் ல ஸ்ட்ரேஞ்ச் என்பவரை மணந்தார். அவர் ஒரு பிரபுவின் இளைய மகன். பெரிய சொத்தோ பட்டமோ இல்லாதவர். நாற்பது வயதைத் தாண்டிய கவுண்டஸ், வேறு யாருடைய ஏற்பாடும் இல்லாமல் தானே தெரிந்தெடுத்த துணையாக அவர் இருந்திருக்க வேண்டும் என்றே நான் வாசிக்கிறேன். மனைவியின் பட்டத்தை வைத்துத் தன்னை 'ஏர்ள்' என்று அவர் அழைத்துக்கொள்ளவில்லை. முன்னைய கணவர் ஐந்து பட்டங்களைக் குவித்து வைத்திருந்தவர் என்பதை நினைத்தால் இது சின்ன விடயமில்லை.

1326இல் ஆட்சி கவிழ்ந்தது. மன்னரின் மனைவி இசபெல்லா, ரோஜர் மோர்டிமருடன் கடல் கடந்து படையோடு வந்திறங்கினார். மூத்த டெஸ்பென்சர் ஒக்டோபரிலும் இளையவர் நவம்பரிலும் கொல்லப்பட்டனர். 1327 ஜனவரியில் 2ஆம் எட்வேர்ட் பதவி நீக்கப்பட்டார். தோமஸ் மீதான தீர்ப்பு இரத்துச் செய்யப்பட்டது. லங்காஸ்டர் பட்டமும் நிலங்களும் அவரது தம்பி ஹென்றிக்குத் திரும்பின.

அலிஸுக்கும் நீதி கிடைத்திருக்க வேண்டும். மிரட்டியவர்கள் தூக்கில் தொங்கியாயிற்று. புதிய ஆட்சி, பழைய ஆட்சியின் கொடுமைகளைச் சொல்லியே பதவிக்கு வந்தது. ஆனால் இசபெல்லா தனக்கென ஆண்டுக்கு 20,000 மார்க் வருமானம் தரும் நிலங்களை ஒதுக்கிக்கொண்டார். அவற்றுள் பொன்டிஃப்ரெக்ட், கிளிதரோ ஆகிய லேசி நிலங்களும் அடங்கின. டென்பியை மோர்டிமர் எடுத்துக்கொண்டார். 1330இல் மோர்டிமரும் வீழ்ந்து தூக்கிலிடப்பட்டார். டென்பி அலிஸிடம் வரவில்லை. இளம் மன்னர் 3ஆம் எட்வேர்ட் அதைத் தன் நண்பர் வில்லியம் மொன்டகுவுக்குக் கொடுத்தார்.

ஒன்பது ஆண்டுகளில் மூன்று ஆட்சிகள். ஒவ்வொன்றும் முன்னையதைக் கொடுங்கோல் என்றது. சிறையில் அலிஸ் இட்ட முத்திரையை மட்டும் யாரும் செல்லுபடியற்றது என்று சொல்லவில்லை. அது அடுத்து வந்தவருக்கும் வசதியாக இருந்தது. காணி விடுவிப்புக் கூட்டங்களில் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அரசாங்கம் மாறிவிட்டதே, இனியாவது தருவார்களா என்று கேட்ட அம்மாமாரின் முகங்கள் இந்தப் பகுதியை எழுதும்போது நினைவுக்கு வராமல் இல்லை.

இரண்டாவது கடத்தல்

யூபுலஸ் 1335 செப்டெம்பரில் ஸ்கொட்லாந்துப் போர்க்களத்துக்குப் போன இடத்தில் இறந்தார். லிங்கனுக்கு அருகில் உள்ள பார்லிங்ஸ் மடத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அலிஸ் இனி மணம் செய்வதில்லை என்று திருச்சபையின் முன்னால் விரதம் எடுத்து, விதவைக்குரிய மேலங்கியையும் மோதிரத்தையும் ஏற்றார். இது பக்தியாக மட்டும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். சொத்துள்ள விதவைக்கு அது ஒரு வேலி. மன்னராலும் அவரை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது.

வேலியையும் உடைத்தார்கள். 1336இன் தொடக்கத்தில், அலிஸ் வாழ்ந்த பொலிங்புரோக் கோட்டைக்குள் ஹியூ டி ஃப்ரெயின் என்ற வீரர் ஆட்களோடு புகுந்து அவரைத் தூக்கிச் சென்று, வன்புணர்ந்து, மணமுடித்தார். அலிஸுக்கு வயது ஐம்பத்து நான்கு. அன்றைய வழக்கில் அந்தத் திருமணம் செல்லும். அந்த மணத்தின் பலத்தில் ஹியூ பாராளுமன்றத்துக்கு அழைக்கப்படும் பிரபுவானார்.

மன்னர் கோபப்பட்டார். தன் அனுமதி இல்லாமல் திருமணம் நடந்துவிட்டது என்பதே அந்தக் கோபம். இருவரின் நிலங்களையும் பறிமுதல் செய்ய ஆணையிட்டு, பின்னர் மன்னித்தார். தூக்கிச் செல்லப்பட்டவரும் தூக்கிச் சென்றவரும் ஒரே குற்றத்தின் பங்காளிகளாகவே பதிவானார்கள். ஓராண்டுக்குள் ஹியூவும் ஸ்கொட்லாந்தில் இறந்தார். அலிஸ் தன் விரதத்துக்குத் திரும்பினார்.

அது போதாதென்று, 1337 மார்ச்சில் மன்னர் வில்லியம் மொன்டகுவைச் சொலிஸ்பரியின் ஏர்ள் ஆக்கினார். ஈலாவின் பட்டம், மன்சூராவில் இறந்தவரின் பேத்தி விட்டுச்சென்ற பட்டம், அதற்குரிய பெண் உயிரோடு இருக்கும்போதே இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டது. அலிஸோ 'லிங்கன், சொலிஸ்பரியின் கவுண்டஸ்' என்ற பெயரைக் கைவிடவில்லை.

டென்பியின் பழைய சொந்தக்காரர்கள்

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவளாக இருக்க மாட்டேன். அலிஸ் இழந்த டென்பி, ஆதியில் லேசிகளுடையது அல்ல. அது வேல்ஸ் மக்களின் நிலம். வேல்ஸ் இளவரசர் டாஃபித் அப் கிரிஃபித்தின் கையில் இருந்தது. 1282 போரில் முதலாம் எட்வேர்ட் அதைக் கைப்பற்றி ஹென்றி டி லேசிக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு டாஃபித் கொல்லப்பட்டார். ஹென்றி அங்கே கோட்டையும் மதில் சூழ்ந்த நகரமும் கட்டினார். தன் யோர்க்ஷயர், லங்காஷயர் நிலங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். நல்ல நிலத்தில் இருந்த வேல்ஸ் குடும்பங்கள் பல, மாற்றுக் காணி என்ற பெயரில் வேறிடங்களுக்கு நகர்த்தப்பட்டன.

அலிஸுக்கு நடந்ததும் அநியாயம். அவரது தந்தை அந்த வேல்ஸ் குடும்பங்களுக்குச் செய்ததும் அநியாயம். ஒன்று மற்றதைக் கழித்துவிடாது. அலிஸின் முறைப்பாடுகளும் பத்திரங்களும் ஆவணக்காப்பகங்களில் இருப்பதற்குக் காரணம் அவர் கவுண்டஸ் என்பது. லேவெனியின் வளமான வயல்களிலிருந்து கிளப்பப்பட்ட ஒரு பெண் என்ன சொன்னார் என்பது எந்த மெழுகு முத்திரையின் கீழும் இல்லை.

யாருக்குப் போய்ச் சேர்ந்தது

அலிஸ் 1348 ஒக்டோபர் 2ஆம் திகதி, அறுபத்தாறு வயதில் இறந்தார். பார்லிங்ஸ் மடத்தில், யூபுலஸின் பக்கத்தில், அவரை அடக்கம் செய்தார்கள். மூன்று கணவர்களில் யார் பக்கத்தில் கிடப்பது என்பதாவது அவர் விரும்பியபடி நடந்தது.

பிள்ளைகள் இல்லை. ஆகவே 1294இன் அந்த நிபந்தனை உயிர் பெற்றது. அவரிடம் மிஞ்சியிருந்த பொலிங்புரோக் முதலான லேசி நிலங்கள் தோமஸின் தம்பி மகன் ஹென்றிக்குப் போயின. 1349இல் அவர் லிங்கன் ஏர்ளும் ஆனார். அவரது மகள் பிளான்ச் வழியாக எல்லாம் ஜோன் ஒஃப் கோன்ட் என்ற இளவரசரிடம் வந்தன. மறுபடியும் ஒரு மகள் வழியேதான். 1367இல், அலிஸ் தூக்கிச் செல்லப்பட்ட அதே பொலிங்புரோக் கோட்டையில் பிளான்சுக்கு ஒரு மகன் பிறந்தார். பின்னர் 4ஆம் ஹென்றி என்ற பெயரில் இங்கிலாந்தின் மன்னரானவர் அவர்தான்.

பொன்டிஃப்ரெக்ட், கிளிதரோ, பொலிங்புரோக் ஆகிய பழைய லேசி நிலங்கள் 'லங்காஸ்டர் டச்சி' என்ற பெருஞ்சொத்தின் பகுதிகளாயின. 1399 முதல் அந்த டச்சி ஆளும் மன்னரிடம் தனிச் சொத்தாக இருந்து வருகிறது. அதன் வருமானம் இன்றும் பிரித்தானிய மன்னருக்குப் போகிறது. இலங்கையின் காணிச் சட்டங்களை எழுதிய அதே முடிக்குத்தான்.

பொலிங்புரோக் கோட்டை இன்று இடிபாடுகள் மட்டும். பார்லிங்ஸ் மடத்தில் எஞ்சியிருப்பது புல்வெளியில் தனியே நிற்கும் ஒரு சுவர்த்துண்டு. அலிஸின் கல்லறை இல்லை.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தோமஸ் ஒஃப் லங்காஸ்டரின் மனைவி என்றே தொடங்குகிறார்கள். ஹாவிஸ், மார்கரட், ஈலா, நிக்கோலா ஆகியோரின் வாரிசு என்று தொடங்கினால் அதே வாழ்வு வேறாகத் தெரிகிறது. ஏன் இத்தனை பேர் அவரைக் கடத்தினார்கள், அடைத்தார்கள், மணந்தார்கள் என்பதற்குக் காரணமும் விளங்குகிறது.

அம்மம்மாவின் உறுதிகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. பொலித்தீன் பையை மாற்றி ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை முடித்த அன்று, அவற்றில் உள்ள பெண்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அம்மம்மாவின் தாய்வரை எழுத முடிந்தது. அதற்கு முந்திய உறுதியில் 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் இருக்கிறது.